மாமனாரின் மூன்று ரைஃபிள்களுக்கும் சேர்த்து ஒரே விலையா?

அமெரிக்காவில் வசிக்கும் ஒருவரின் கேள்வி இது. வேட்டைப் பிரியரான அவருடைய மாமனார் காலமாகிவிட்டார். வீட்டில் மூன்று சிங்கிள் ஷாட் ரைஃபிள்கள், அதாவது ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுபவை, இருக்கின்றன. ஒன்று ரூகர் நம்பர் 1, 7×57 மவுசர் காலிபர் (காலிபர் என்பது தோட்டாவின் அளவும் வகையும்). இன்னொன்று எச் அண்ட் ஆர் ஹேண்டி ரைஃபிள், .35 வீலன். மூன்றாவது தாம்சன் சென்டர் என்கோர், அதற்கு மாற்றி மாட்டக்கூடிய மூன்று பேரல்கள் (குழல்கள்). பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடைக்காரர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமாக 1,200 டாலர் தருகிறேன்" என்றாராம். கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாங்கி, வாடகை கட்டி, மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து விற்க வேண்டும். ஆயிரம் டாலருக்கு விற்கக்கூடிய பொருளுக்கு அவர் 500, 600 தருவது அந்தத் தொழிலில் வழக்கம்தான். நான் வேண்டாம் என்பது அந்த "மொத்தமாக" என்ற சொல்லை. இந்த மூன்றும் மூன்று வேறு சந்தைகளில் விலைபோகிறவை. ஒன்றை வாங்க வருகிறவர் இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மூட்டையாகக் கட்டி விலை பேசினால் எது எவ்வளவுக்குப் போனது என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

விலைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. மூன்றையும் திறந்து, பேரலின் பின்பக்கத்தில் தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ரூகரில் டிரிகரைச் சுற்றியிருக்கும் லீவரைக் கீழே இறக்கினால் உள்ளிருக்கும் இரும்புக் கட்டை இறங்கி வழி தெரியும். ஹேண்டி ரைஃபிளில் சுத்தியலுக்குப் பக்கத்தில் இருக்கும் நெம்பை அழுத்த வேண்டும். என்கோரில் டிரிகர் வளையத்தின் நீட்டிய நுனியைப் பின்னால் இழுத்தால் பேரல் மடங்கும். பல வருடம் பெட்டியில் கிடந்த துப்பாக்கி என்றால் இதை இரண்டு முறை செய்யுங்கள்.

கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு விலை சொல்வது சுலபம். அதே வேலையைச் செய்யும் புதிய ரைஃபிள் கடையில் என்ன விலை என்று பார்த்தால், பழையது பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். சிங்கிள் ஷாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரே ஒரு தோட்டாதான் போடலாம் என்று தெரிந்தும் அதைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. அதன் வேலைப்பாட்டுக்காகவும் மரத்துக்காகவும் வருகிற ரசிகர்கள் ஒரு பக்கம். தங்கள் மாநிலத்து வேட்டை விதிக்காகவோ சிக்கனத்துக்காகவோ வருகிறவர்கள் மறுபக்கம். முதல் வகைக்கு எந்த மாடல், எந்த ஆண்டு, யாராவது கைவைத்தார்களா என்பதுதான் கேள்வி. இரண்டாவது வகைக்கு காலிபர் என்ன, சுடுமா, எவ்வளவு என்பது போதும்.

உங்கள் ரூகர் முதல் வகையைச் சேர்ந்தது. அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ரூகர் நம்பர் 1 சந்தைக்கு வந்தது 1967இல். திரும்பத் திரும்பச் சுடும் ரைஃபிள்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்குவர்சன் 1872இல் காப்புரிமை பெற்ற பழைய அமைப்பின் அழகை மனதில் வைத்து, கம்பெனியை நிறுவிய பில் ரூகர் இதைக் கொண்டுவந்தார். வடிவமைப்பில் துப்பாக்கிக் கட்டை செய்யும் கைவினைஞர் லெனார்ட் பிரவுனலுக்குப் பெரிய பங்கு. பிற்காலத்தில் அந்தக் கம்பெனி இதை எல்லாக் காலிபரிலும் எப்போதும் செய்துகொண்டிருக்கவில்லை. குறிப்பிட்ட சில காலிபர்களை மட்டும் குறைந்த எண்ணிக்கையில் விட்டது. பழையவற்றின் விலை இறங்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"ரூகர் நம்பர் 1" என்று மட்டும் சொல்லி விலை கேட்டால் சரியான பதில் வராது. அதற்குள் பல மாடல்கள். 1-ஏ என்றால் இலேசான 22 அங்குலப் பேரல், ஒல்லியான முன்கட்டை (பேரலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்), கட்டையின் நுனியில் ஒரு சிறு வெட்டு. 1-பி என்றால் 26 அங்குலப் பேரல், அகன்ற முன்கட்டை, பேரலில் குறிபார்க்கும் முனை இருக்காது. 1-வி கனமான பேரல் கொண்டது. 1-எச் பெரிய ஆப்பிரிக்க விலங்குகளுக்கான காலிபர்களில் வருவது. ஆர்எஸ்ஐ என்பதில் மரம் குழல்வாய் வரை ஓடும், பேரல் 20 அங்குலம்தான். 1-பி மாடலில் .30-06, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்றவை நிறையக் கிடைக்கும். அதனால் விலையில் பெரிய ஆச்சரியம் இருக்காது. .405 வின்செஸ்டர், .303 பிரிட்டிஷ் போன்று குறைவாகச் செய்தவற்றுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். 7×57 மவுசரில் வந்த 1-ஏ இதற்கு நடுவில் இருப்பது. அபூர்வம் என்று சொல்ல முடியாது, ஆனால் விரும்புகிறவர்கள் மனதார விரும்பும் ஜோடி. உதை குறைவு, எடை குறைவு, மானுக்கு எதேஷ்டம். நல்ல நிலையில் இருந்தால் அந்த ஒன்றுக்கே நான்கு இலக்கத்தில்தான் பேச்சு தொடங்க வேண்டும்.

உங்களுடையது 1-ஏ தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முன்கட்டையின் நுனியைப் பாருங்கள். பிறகு லீவரை மூடிவிட்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழல்வாய் வழியாக அடி முட்டும் வரை மெதுவாக விட்டு, வாயின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். 22 அங்குலம் வந்தால் சரி. கால் அங்குலத்துக்கு மேல் குறைந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலையும் அப்போதே வெட்டுப்படும். அடுத்து வரிசை எண். அதை வைத்து எந்த ஆண்டில் தயாரானது என்று ரூகர் கம்பெனியிடமே தெரிந்துகொள்ளலாம். 1970களின் பிற்பகுதியிலிருந்து பேரலின் மேலேயே "கையேட்டைப் படிக்கவும்" என்ற எச்சரிக்கை வாசகத்தைப் பொறிக்கத் தொடங்கினார்கள். அது இல்லாத சுத்தமான பேரலுக்கு ரசிகர்கள் கூடக் கொடுப்பார்கள். 1976இல் செய்தவற்றில் அமெரிக்க சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு என்று பொறித்திருக்கும். அதைக் காட்டிப் பெரிய விலை கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வருடம் ரூகர் தயாரித்த எல்லாத் துப்பாக்கியிலும் அது உண்டு என்பதால் நான் அதற்குத் தனி மதிப்புப் போட மாட்டேன்.

இப்போது கையில் எடுத்துப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக. பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில், உள்ளங்கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில், தலைமுடி அளவு விரிசல் இருக்கிறதா? கட்டை விரலால் லேசாக அழுத்தினால் கோடு விரிகிறதா? அது இருந்தால் ஒளிக்காமல் படம் எடுத்து விளம்பரத்தில் போட வேண்டியதுதான். தோளில் படும் ரப்பர் பட்டை பழையதா, மாற்றியதா? மாற்றியபோது மரத்தைச் சேர்த்து இழைத்திருக்கிறார்களா? அப்படி இழைத்திருந்தால் கட்டை நீளம் குறைந்திருக்கும். யாராவது புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார்களா? முன்கட்டையைக் கழற்றத் தெரிந்தால் கழற்றிப் பாருங்கள். உள்ளே பேரலுக்குக் கீழே ஒரு இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நம்பர் 1 சில சமயம் குறி தப்பிச் சுடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சரிசெய்ய அந்த நாக்கில் துளை போட்டுத் திருகாணி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சுடுகிறவருக்கு அது உபகாரம்தான். சேகரிப்பவர் அதைக் கண்டால் விலையைக் குறைப்பார். உங்கள் மாமனார் அப்படிச் செய்திருந்தால் அதைச் சொல்லி விற்பதுதான் முறை.

பேரலின் உட்புறத்துக்கு வருவோம். திறந்த பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் வெளிச்சம் படும்படி வைத்து, குழல்வாய் வழியாகப் பாருங்கள். உள்ளே சுற்றி ஓடும் புரிகள் (தோட்டாவைச் சுழலவைக்கும் வெட்டுகள்) ஓரம் கூர்மையாக, கண்ணாடி மாதிரி பளபளத்தால் நிம்மதி. செம்பு நிறக் கறை இருந்தால் அது தோட்டாவிலிருந்து ஒட்டியது, சுத்தம் செய்தால் போகும். கருப்புப் புள்ளிகளும் சிறு குழிகளும் இருந்தால் அது துரு தின்றது, போகாது. .220 ஸ்விஃப்ட், .22-250 போன்ற வேகமான காலிபர்களில் தோட்டா புரியைத் தொடங்கும் இடம் சூட்டில் அரித்துப்போகும். 7×57 அமைதியான காலிபர், அந்தக் கவலை உங்களுக்குக் குறைவு. கடைசியாகக் குழல்வாயின் விளிம்பை விரல் நுனியால் சுற்றித் தடவுங்கள். எங்காவது நகம் மாட்டினால் அங்கே அடிபட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: விற்கப்போகிறோம் என்று பளபளப்பாக்காதீர்கள். ஒருமுறை ஒரு பழைய வின்செஸ்டர் 1885 என் கைக்கு வந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1883இல் வின்செஸ்டர் கம்பெனி உரிமையை வாங்கி வெளியிட்ட ரைஃபிள் அது. எண்கோணப் பேரல். அதன் எட்டு மூலைகளும் கத்தி மாதிரி இருக்க வேண்டும். யாரோ நல்ல எண்ணத்தில் அதைச் சுழல் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து, துரு பிடிக்காமலிருக்க இரும்புக்குத் தரும் நீலப் பூச்சைப் புதிதாக ஏற்றியிருந்தார். மூலைகள் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிட்டன. பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் தேய்ந்து குழம்பிக் கிடந்தன. தொடாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் தொகையில் பாதிகூட அதற்கு வரவில்லை. நூறு வருடப் பழுப்பு அதன் மேல் இருந்திருந்தால் அதற்காகவே பணம் கொடுத்திருப்பார்கள். உங்கள் ரூகருக்கு மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பேரலுக்குள் ஒரு சுத்தம், அவ்வளவு போதும்.

இனி விலையைக் கண்டுபிடிக்கும் வழி. இணையத்தில் தேடினால் ஒரே மாடலுக்கு 900 டாலரும் தெரியும், 2,500 டாலரும் தெரியும். அவை கேட்ட விலைகள். கேட்பதற்குக் காசு இல்லை. 2,500 கேட்டு இரண்டு வருடமாக விற்காமல் கிடக்கும் துப்பாக்கி உங்கள் துப்பாக்கியின் மதிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். அதிலும் யாராவது விலை கேட்டு முடிந்ததா, ஆளே வராமல் முடிந்ததா என்று கவனியுங்கள். கடந்த ஆறு மாதத்தில் இதே மாடல், இதே காலிபர் ஐந்தாறு கிடைத்தால் நல்லது. ஒரே ஒரு பெரிய விலையை எடுத்துவிடுங்கள், இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றியிருப்பார்கள். ஒரே ஒரு சின்ன விலையையும் எடுத்துவிடுங்கள், அதில் ஏதாவது குறை இருந்திருக்கும். மிச்சத்தின் படங்களை உங்களுடையதோடு வைத்து ஒப்பிடுங்கள். புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ் என்ற விலைக் கையேடும் இருக்கிறது. மாடல்களை வேறுபடுத்த அது உதவும். ஆனால் அச்சுக்குப் போன நாளிலிருந்து சந்தை நகர்ந்துகொண்டே இருப்பதால் அதை மட்டும் நம்பி விலை வைக்காதீர்கள்.

நிலையைச் சதவீதத்தில் சொல்வது வழக்கம். முதலில் இருந்த மேற்பூச்சில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் அந்த எண். சொந்தப் பொருளுக்கு எல்லோரும் ஐந்து சதவீதம் கூட்டித்தான் போடுகிறார்கள். நீங்கள் ஐந்து குறைத்துப் போடுங்கள். வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் சந்தோஷப்படுவார், திருப்பி அனுப்பும் பேச்சே வராது.

அலமாரியில் சின்னப் பொருள்களையும் தேடுங்கள். ரூகரோடு கம்பெனியே கொடுத்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வளையங்கள், அட்டைப் பெட்டி, கையேடு. ஸ்கோப் மேலே இருந்தால் தனியாக விலை பாருங்கள். ரைஃபிளோடு சேர்த்து விற்றால் ஸ்கோப்பின் மதிப்பில் பாதி காற்றோடு போய்விடும். லியூபோல்ட் கம்பெனியின் ஸ்கோப்புக்கு உரிமையாளர் மாறினாலும் உத்தரவாதம் தொடரும். அதனால் பழையதற்கும் நல்ல கிராக்கி உண்டு. அவர் சொந்தமாகத் தோட்டா தயாரிப்பவராக இருந்திருந்தால், எந்த வெடிமருந்து எத்தனை கிரெயின் (எடை அளவு), எந்தக் குண்டு, எங்கே பட்டது என்று எழுதிய நோட்டு ஒன்று இருக்கும். நம்பர் 1 வாங்குகிறவர் அந்த நோட்டைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்வார். ஆனால் அவர் கையால் செய்த தோட்டாக்களை விற்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சரி, ஹேண்டி ரைஃபிள். அது வந்த காலத்தில் மலிவான துப்பாக்கி. தொடக்க வேட்டைக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுப்பார்கள். அதனால் பலர் அதைக் கொட்டகை மூலையில் போட்டுவைத்தார்கள். 2015இல் தயாரிப்பு நின்றது. அதன் பிறகு சில காலிபர்கள் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டன. உங்களுடைய .35 வீலன் அதில் ஒன்று. மிசிசிப்பி, லூசியானா போன்ற தென் மாநிலங்களில் பழங்கால ஆயுதங்களுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் வைத்தார்கள். அதில் .35 அல்லது அதற்கு மேற்பட்ட காலிபர், ஒரே தோட்டா, வெளியே தெரியும் சுத்தியல் என்ற வகை ரைஃபிளும் அனுமதிக்கப்பட்டது. ஹேண்டி ரைஃபிள் அந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. இதே மாதிரி ஓஹாயோ, மிச்சிகன் மாநிலங்கள் 2014இல் நேர்சுவர் தோட்டாக்களை (கழுத்தில் குறுகாமல் நேராக இருப்பவை) மான் வேட்டைக்கு அனுமதித்தபோது .45-70 என்ற நேர்சுவர் காலிபருக்குக் கிராக்கி வந்தது. .35 வீலன் நேர்சுவர் அல்ல, அதனால் வடக்கே அதற்கு அந்த மதிப்பு கிடைக்காது. விதிகள் அடிக்கடி மாறும். விளம்பரம் போடும் வாரத்தில் அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். இந்த ரைஃபிளைத் தென் மாநில வாங்குபவர் கண்ணில் படும்படி விற்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

அதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, பேரல் ஃபிரேமோடு (டிரிகரும் சுத்தியலும் இருக்கும் நடுப்பகுதி) இறுக்கமாகப் பூட்டுகிறதா என்பது. மூடிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் விலை குறையும், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் விற்கவும் கூடாது. இந்தத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு பேரலையும் அந்தந்த ஃபிரேமுக்கென்று தொழிற்சாலையில் பொருத்திக் கொடுத்தார்கள். வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டியது சில சமயம் ஒழுங்காக உட்காராது.

என்கோரில் கணக்கே வேறு. சட்டப்படி துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த ஃபிரேம் மட்டும்தான். பேரல் வெறும் உதிரிப் பாகம். மத்திய சட்டத்தின்படி அதைத் துப்பாக்கி வியாபாரி வழியாக அனுப்ப வேண்டியதில்லை, வீட்டுக்கே அனுப்பலாம். அதனால் ஃபிரேமையும் ஒரு பேரலையும் ஒரு ரைஃபிளாக விற்று, மற்ற இரண்டு பேரல்களைத் தனித்தனியாக விற்றால் பெரும்பாலும் மொத்தம் கூடுதலாக வரும். ஏனென்றால் ஃபிரேம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்குப் பேரல் மட்டும் போதும். உங்கள் மூன்று பேரல்களில் அவருக்கு வேண்டியது ஒன்றுதான், மற்ற இரண்டுக்கு அவர் ஏன் பணம் கொடுப்பார்? ஒவ்வொரு பேரலிலும் காலிபர் பொறித்திருக்கும். அதையும் நீளத்தையும் எழுதிவையுங்கள். என்கோர் பேரல் அதே கம்பெனியின் இன்னொரு மாடலான கன்டெண்டரின் ஃபிரேமில் ஏறாது. விளம்பரத்தில் இதைத் தெளிவாக எழுதாவிட்டால் தவறான ஆள் வாங்கித் திருப்பி அனுப்புவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூன்றில் ஏதாவது 16 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அது கைத்துப்பாக்கிப் பேரலாக இருக்கலாம். அதை எக்காரணம் கொண்டும் தோள்கட்டை பொருத்திய ஃபிரேமில் மாட்டிப் பார்க்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். பதிவு இல்லாமல் அப்படிச் சேர்த்தால் அது மத்திய சட்டப்படி குட்டை ரைஃபிள், பெரிய குற்றம். இந்தக் கம்பெனியின் கன்டெண்டர் பாகங்களை வைத்தே இதைப் பற்றி ஒரு வழக்கு 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பாகங்களைச் சட்டப்படியான வேறு வகையிலும் சேர்க்க முடியும் என்பதால், சேர்க்காமல் வைத்திருப்பது குட்டை ரைஃபிள் செய்ததாகாது என்று தீர்ப்பு வந்தது. தனித்தனியாகவே வைத்திருங்கள், தனித்தனியாகவே விற்றுவிடுங்கள்.

ரைஃபிள்களை வேறு மாநிலத்தவருக்கு விற்றால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். உள்ளூர் விற்பனைக்கு உங்கள் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். சில மாநிலங்களில் அங்கேயும் பின்னணிச் சோதனை கட்டாயம். 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிக்கு மட்டும் மத்திய சட்டத்தில் தனி விலக்கு உண்டு. உங்கள் மூன்றும் அதில் வராது. ஏலம், படம், பார்சல் என்று அலைய நேரம் இல்லையென்றால், கமிஷனுக்கு விற்றுத்தரும் கடையைப் பிடியுங்கள். விற்ற பிறகு பத்திலிருந்து இருபது சதவீதம் வரை எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் மொத்தமாகக் கொடுப்பதைவிட அதிகம் வரும். விற்கும் நேரமும் விலையைத் தொடும். மான் வேட்டைப் பருவத்துக்கு முன்னால், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஹேண்டி ரைஃபிளுக்கும் என்கோருக்கும் ஆள் வருவார்கள். ரூகருக்குப் பருவம் கிடையாது. சரியான ஆள் என்றைக்குப் பார்க்கிறாரோ அன்றைக்குப் போகும்.

அந்தக் கடைக்காரரிடமே திரும்பப் போவதிலும் தப்பில்லை. முடிந்த ஏலங்களின் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "ரூகருக்கு மட்டும் எவ்வளவு? ஹேண்டிக்கு எவ்வளவு? என்கோர் ஃபிரேமுக்கும் ஒவ்வொரு பேரலுக்கும் எவ்வளவு?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். அவர் ஆறு எண்கள் எழுதிக் கொடுத்தால், எதை அவரிடமே விட்டுவிடலாம், எதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பிரித்துச் சொல்ல மாட்டேன் என்றால் ரூகரை முதலில் உறையில் போட்டு மூடிக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், உங்கள் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்பாவின் கை தேய்ந்த அந்த 7×57ஐ அவர் விற்கச் சம்மதிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.